கரும்பு ரயிலுக்கு ஒரு சேவல்

அரபு நாட்டில், ஈசா டவுன் பள்ளியில் என்னோடு படித்து, இன்று மூலைக்கொருவராகச் சிதறிக் கிடக்கும் மகாராணிகளே, போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். பேரீச்சை மரங்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு குட்டி ரயில் எஞ்சின். 'ஐந்தாம் வகுப்பில் பிக்னிக் போனோமே, யாருக்காவது ஞாபகம் இருக்கா?' என்று கீழே எழுதியிருந்தாள். உடனே இதயங்களும் பூக்களுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இது. நான் இப்போது இருக்கும் ஃபஹாஹீலில் இன்று வெளியே புழுதிக் காற்று, கிளினிக்கில் எனக்கு டியூட்டியும் இல்லை, அதனால் நீளமாகவே எழுதப்போகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு மூட்டு வலி, எங்கேயும் ஓடிவிட மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

நீங்கள் அந்த எஞ்சினைப் பார்த்தது வண்ணம் பூசி, பலூன் கட்டிய பிறகு. நான் அது வந்து இறங்கிய வாரத்திலிருந்தே பார்த்தவள். பார்ப்பதற்கு முன் அதன் வாசனைதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

என் அப்பா பாய்லர் ஃபிட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை இருந்தால் அங்கே போவார், இல்லாத நாட்களில் கஃபீலின் ஒர்க்‌ஷாப்பில் இருப்பார். கஃபீல் யார் என்று உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: அந்த நாட்டில் நம்மை வேலைக்கு வைத்து, நம் விசாவுக்குப் பொறுப்பேற்கிற முதலாளி. எங்கள் கஃபீல் பொல்லாதவர் இல்லை. பழைய சாமான்கள் மேல் அவருக்குக் கிறுக்கு, அவ்வளவுதான். துருப்பிடித்த படகு, ஓடாத கார், ஊமையான கிராமபோன் எல்லாம் அவருடைய பேரீச்சந்தோட்டத்தில் ஓலைக் கொட்டகைக்குள் வரிசையாக நிற்கும். அந்தக் குளிர்காலத்தில் பம்பாயில் பழைய இரும்பு ஏலத்தில் ஒரு கரும்பு ரயில் எஞ்சினை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

வயலில் வெட்டிய கரும்பைச் சர்க்கரை ஆலைக்கு இழுத்துப் போகிற நீராவி வண்டி அது. எந்த ஊர் ஆலையில் ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை, பெயர்ப் பலகையை எவனோ பிடுங்கி விற்றிருந்தான். தோட்டத்தைச் சுற்றித் தண்டவாளம் போட்டு அதை ஓட்ட வேண்டும், தன் பிள்ளைகளும் விருந்தாளிகளும் அதில் சுற்ற வேண்டும் என்பது கஃபீலின் ஆசை. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆலை வேலையில் யாரோ போட்ட நட்டை முடுக்குகிறவருக்கு ஒரு முழு எஞ்சினே கையில் கிடைத்தால் கேட்க வேண்டுமா?

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அப்பாவிடம் எப்போதும் டீசலும் வியர்வையும்தான் வீசும். இப்போது கருகிய வெல்ல வாசனை வந்தது. எத்தனையோ வருடச் சாறும் பாகும் பட்டு இறுகிப்போன இரும்பாம் அது, அடுப்புக்குள் சக்கை எரிந்த சாம்பல் அப்படியே இருந்ததாம். அம்மா அவர் சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன் மூக்கில் வைத்து ஒரு முறை இழுத்துக்கொள்வாள். அம்மா கடலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்கு அருகில் பிறந்தவள்.

"இன்னாங்க இது, ஆல ஓடச்சொல்ல எங்க ஊரே இப்பிடித்தான் வாசன வரும்" என்றாள். அவள் முகத்தில் அப்போது சந்தோஷம்தான் இருந்தது.

எறும்பு வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. எங்கள் வீடு மூன்றாவது மாடி என்பதும், உப்புக் காற்றில் அங்கே கரப்பானைத் தவிர எதுவும் ஏறாது என்பதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கதவுக்கு அடியில் புகுந்து, கூடத்தைக் கடந்து, ஆணியில் தொங்கும் அப்பாவின் சட்டை வரைக்கும் ஒரே கோடாக வந்தன. சட்டையை மாற்றி மாட்டினால் கோடும் மாறியது. மேல் வீட்டு நர்ஸ் அக்கா குமரிக் கடற்கரைக்காரர், எதற்கும் பயப்படாதவர். அவரே அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் அப்பா தம்பியை மட்டும் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அவனுக்கு ஆறு வயது. திரும்பி வந்தவன் கையில் எண்ணெயும் கரியும் ஏறிக் கல்லாகிப்போன ஒரு குச்சி இருந்தது. அதைச் சுற்றி ஏதோ துணி. அதைத் தரையில் உருட்டி ரயில் விளையாடிக்கொண்டிருந்தான். சோற்றுத் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"இத்த எங்கடா எடுத்த?"

"அப்பா தூக்கிப் போட்டாரும்மா. எஞ்சின் விசில்ல அடச்சினு இருந்துச்சு."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். குச்சியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரி கரைந்து துணி பிரிந்தது. சிவப்புத் துணி, ஓரத்தில் இரண்டு மஞ்சள் கோடு, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வரிசை. அதைக் கையில் விரித்துப் பார்த்தவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது என் பாவாடடி" என்றாள் என்னிடம்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் அவள் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். நான் படத்தில்கூடப் பார்த்திராத மாமா. கரும்பு ரயில் மெதுவாகப் போகும், ஊர்ப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிக் கழி உருவுவார்கள். ஒரு நாள் அம்மா வரப்பில் உட்கார்ந்துகொண்டு, அக்காவுக்கும் ஒன்று இழுத்துக்கொண்டு வாடா என்றிருக்கிறாள். தனக்கு ஒன்று உருவிக்கொண்டு திரும்பியவன், அவளுக்காக மறுபடி போனான். அந்த முறை எஞ்சினின் பக்கமாகப் போய்விட்டான்.

"எங்க ஊர்ல வண்டி ஆளு மேல ஏறிட்டா அப்புறம் அது ஊதக்கூடாது. செத்தவங்க வூட்டுல சிவப்புத் துணி வாங்கினு போய் வேப்பங்குச்சில சுத்தி, விசில் வாயில அடிச்சி வெச்சிடுவாங்க. அடுத்த வருசம் ஆல தொறக்கச்சொல்ல, மொத வெள்ளிக்கெழம உச்சி வேளைல சேவல் அறுத்துச் சக்கரத்துல ரத்தம் விட்டுட்டுதான் குச்சிய எடுப்பாங்க. அது வரிக்கும் அந்த உசுரு வண்டிலயே குந்தினு இருக்கும். எங்க தம்பிக்கு அத்தச் செய்யவே இல்ல. லாரி வந்துடுச்சின்னு ரயில நிறுத்திட்டாங்க. நீ காவு குடுக்காமயே குச்சியப் புடுங்கிட்ட."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "இன்னா பேசற நீ? ஆயிரம் எஞ்சின் இருக்கு நாட்டுல. சிவப்புத் துணி உன் ஒருத்திகிட்டதான் இருந்துச்சா?"

"என் பாவாட எனக்குத் தெரியாதா? நான்தான் கிழிச்சிக் குடுத்தேன்."

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கு அம்மாவின் மேல் பாசம் உண்டு, ஆனால் பயந்துவிட்டால் ஊமையாகிவிடுவார். இப்போது யோசித்தால் அந்த வீட்டில் நடந்த பாதி அனர்த்தம் அந்த ஊமைத்தனத்தால்தான் என்று தோன்றுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்களையும் கூட்டிப்போகச் சொல்லி அம்மா அடம்பிடித்தாள். முதல்முறையாக நான் எஞ்சினைப் பார்த்தது அன்றுதான். ஓலைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து, புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி, அகன்ற வாய் வைத்த புகைபோக்கி, மேலே தகரக் கூரை. அதை நான்கு பக்கமிருந்தும் எறும்புச் சாரை மொய்த்துக்கொண்டிருந்தது. பேரீச்சம்பழம் காயப்போட்டிருந்த பாய் பக்கத்திலேயே இருந்தது, அதை ஒரு எறும்புகூடச் சீண்டவில்லை.

அம்மா எஞ்சினின் பக்கவாட்டில் கையை வைத்தாள். ஏதோ முனகினாள். பிறகு சக்கரத்தின் அருகே குனிந்து, முந்தானையால் ஒரு இடத்தைத் துடைத்தாள். துரு மட்டுமே வந்தது.

தொழுகைக்கு அழைக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. கஃபீலின் ஆட்கள், காவல்காரர் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் நாங்கள் நான்கு பேர்தான். வெயில் தலைக்கு நேரே வந்தபோது எஞ்சின் ஊதியது.

பெரிய சத்தம் இல்லை. நீளமாக, கொஞ்சம் பிசிறோடு, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும். அடுப்பில் நெருப்பில்லை. பாய்லரில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அப்பா இன்னும் விட்டிருக்கவில்லை. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"காத்துதான்" என்றார் அப்பா. "அடப்ப எடுத்துட்டோம் இல்ல, புட்டி வாயில ஊதுற மாதிரி ஊதுது."

அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நானும் முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நோயாளிகளிடம் தினம் சொல்கிறவள். ஆனால் காற்று அன்று காலையிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது. உச்சிப் பொழுதில் மட்டும் அது ஏன் ஊத வேண்டும் என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னை அதட்டினார்.

அப்போதுதான் அம்மா தம்பியைத் தேடினாள். எஞ்சினின் நிழலில் உட்கார்ந்து அவன் எதையோ தின்றுகொண்டிருந்தான். பச்சைப் பேரீச்சை மட்டையின் அடித்தண்டு. அதை இடது கடைவாயில் வைத்துக் கடித்து, பட்டையை நீளமாக உரித்து, மென்று, சக்கையைத் துப்பினான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கரும்பை அவன் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அம்மா அவன் கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். "யார்றா உனக்கு இப்பிடித் தின்னச் சொல்லிக் குடுத்தது?"

"அந்த அண்ணன்."

"எந்த அண்ணன்?"

தம்பி சக்கரத்துக்கு அடியில் கையைக் காட்டினான். நான் குனிந்து பார்த்தேன். தண்டவாளமும் மணலும் எறும்பும்தான் இருந்தன. அம்மா குனியவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்தின் கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே பேச்சுதான். வெள்ளோட்டத்துக்குக் கஃபீல் நாள் குறித்துவிட்டார். அப்பா ஓட்ட வேண்டும். கஃபீலின் மகனும் என் தம்பியும் அப்பாவோடு எஞ்சினிலேயே நின்றுகொண்டு வர வேண்டும், பையன்கள் இருவரும் சிநேகிதம் ஆகிவிட்டார்கள், இது கஃபீலே ஆசையாகக் கேட்டுக்கொண்டது.

"எம்புள்ள அதுல ஏறக்கூடாது" என்றாள் அம்மா.

"கஃபீல் கேட்டு நான் எப்பிடி முடியாதுன்னு சொல்றது?"

"அப்பக் காவு குடு. ஒரு சேவல். எங்க தம்பியும் போயிடுவான், நம்ம புள்ளையும் நல்லா இருப்பான்."

"இது அரபிக்காரங்க ஊரு. காவு கீவுன்னு வெளிய பேசினு இருக்காத. யாரு காதுலயாவது வுழுந்துடப் போவுது."

தம்பி இதற்குள் மட்டை இல்லாமலே மென்றுகொண்டிருந்தான். தூங்கும்போதும் அவன் இடது தாடை அசைவதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அவள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு எண்ணெய் ஆலையில் டியூட்டி. அம்மா தம்பியை மேல் வீட்டு நர்ஸ் அக்காவிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். கூண்டுக்குள் இருந்த அத்தனை சேவலையும் பார்த்துவிட்டு ஒரு சிவப்புச் சேவலைக் காட்டினாள். கடைக்காரர் அறுத்துத் தரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். நம் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருந்ததே, கட்டம் போட்ட வயர் கூடை, அதில் சேவலை வைத்து மேலே கீரைக்கட்டைப் பரப்பினாள். டாக்ஸியில் அது இரண்டு தரம் கொக்கரித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அம்மா தன் வாழ்நாளில் பேசாத இந்தியில் "பச்சா பேட்", பிள்ளை வயிறு, என்று சொல்லி என் வயிற்றைக் காட்டினாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று எனக்கு உண்மையிலேயே வயிறு வலித்தது.

நாங்கள் போனபோது தோட்டம் காலி. எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். புழுதி கலந்த காற்று அடித்து, பேரீச்சை ஓலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. வெல்ல வாசனை முன்பைவிட அடர்த்தியாக இருந்தது. அம்மா என்னை ஒரு மரத்தடியில் நிற்கச் சொன்னாள். சக்கரத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். சூடம் காற்றில் நிற்கவில்லை, இரண்டு முறை ஏற்றிப் பார்த்து விட்டுவிட்டாள்.

எஞ்சின் ஊதத் தொடங்கியது. முன்பு கேட்டதைவிட உரக்க, இடைவிடாமல், யாரோ அழைத்துக்கொண்டே இருப்பதுபோல.

"இருடா, வந்துட்டேன்" என்றாள் அம்மா. காய் நறுக்குகிற கத்தியைத்தான் கொண்டுவந்திருந்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் பார்த்ததைச் சொல்ல முடியாது, கேட்டதைச் சொல்கிறேன். சேவலின் சிறகு அடிக்கிற சத்தம் கேட்டது. விசில் சத்தம் நடுவிலேயே அறுந்தது. கண்ணைத் திறந்தபோது ஓலைகள் அதே வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தன, காற்று கொஞ்சமும் குறையவில்லை. எஞ்சின் மட்டும் சும்மா இருந்தது. அம்மா சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "போடா, போய்த் தூங்கு" என்றாள். அழவில்லை. பிறகு சேவலை ஒரு மரத்தடியில் புதைத்தோம்.

அதைத் தொழுகை முடிந்து திரும்பிய காவல்காரர் பார்த்துவிட்டார். பலூச்சிக்காரர், நல்ல மனிதர். அவருக்கு ரத்தத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. இத்தனை கொழுத்த சேவலை மண்ணில் புதைத்துவிட்டுப் போகிறார்களே, எனக்குக் கொடுத்திருந்தால் சமைத்திருப்பேனே என்பதுதான் அவருடைய வருத்தம். அந்த வருத்தத்தை அவர் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னார். ஃபோர்மேன் நம் ஆள், திருநெல்வேலிக்காரர். அங்கேதான் எல்லாம் கெட்டது.

சாயங்காலமே ஃபோர்மேன் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

"ஏ, என்ன காரியம்டே பண்ணி வச்சிருக்கீங்க? சக்கரம் பூரா ரத்தம், குங்குமம். அரபி வீட்டுக்குத் தெரிஞ்சா சிஹ்ர்ன்னுதான் சொல்லுவான். சூனியம்! குடும்பத்தோட உள்ள போட்டுருவான், நானும் சேந்து உள்ள போவேன். கலாஸ், எல்லாம் முடிஞ்சிரும்."

"நானே போயி கஃபீல்கிட்டச் சொல்லிடட்டுமாண்ணே?" என்று கேட்டார் அப்பா.

"என்னன்னு சொல்லுவ? மூச்சு விடாத. போய் மொதல்ல அந்தச் சக்கரத்த டீசல் போட்டுக் கழுவு. அவங்க காதுல விழுறதுக்கு முன்னால உன் வீட்டம்மாவ ஊருக்கு அனுப்பிரு. விசாவ கேன்சல் பண்ற வேலய நான் பாத்துக்கிடுதேன். அவ இங்க இருந்தாத்தான கேப்பான்?"

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "எம்புள்ளைக்காகத்தான் செஞ்சேன்" என்று மட்டும் சொன்னாள். அப்பா அவளைப் பார்க்காமல் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஃபோர்மேன் மாமாவை வில்லனாக்கிவிடாதீர்கள். பேசும்போது வாசல் கதவை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், நான் கவனித்தேன். எங்கோ யாரையோ சூனியம் என்று பிடித்த கதையைக் கேள்விப்பட்டிருப்பார். நம்மவர்களுக்கு அங்கே எது தெரியும், எது தெரியாது? வேலை செய்கிற வீட்டு மனிதர்களிடம் சலாம் சொல்வதைத் தவிர ஒரு வார்த்தை பேசியிருப்போமா? ஆனாலும் ஒன்று சொல்லியே தீருவேன். அந்தக் கஃபீல் வீட்டில் ஒருவரைக்கூடக் கேட்காமல், அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நம் ஆட்களே முடிவு செய்து, நம் ஆட்களே தண்டனையும் கொடுத்தார்கள்.

அம்மா போன அன்று காலையில் பனிமூட்டம். எதிர்க் கட்டிடமே தெரியவில்லை. தம்பி அவளோடு போனான். எனக்குப் பரீட்சை இருந்ததால் அது முடியும்வரை நர்ஸ் அக்கா வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. விமான நிலையத்தில் அம்மா என்னிடம் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. என் பின்னலை அவிழ்த்து, அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், இழுத்து இறுக்கிப் பின்னிவிட்டாள். தம்பியின் வாய் அசையவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சேவல் அறுத்த நாளிலிருந்தே அவன் மெல்வதை நிறுத்தியிருந்தான்.

வெள்ளோட்டத்துக்கு அப்பா என்னைக் கூட்டிப் போனார். கஃபீல் கேட்டிருந்தாராம், பையன் இல்லாவிட்டால் பெண் வரட்டும் என்று. எஞ்சினுக்குக் கறுப்பும் சிவப்புமாக வண்ணம் பூசியிருந்தார்கள். அடுப்பில் நெருப்பு எரிந்தது, இரும்பு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. கம்பளம் விரித்து, அதில் கஃபீலின் அம்மா உட்கார்ந்திருந்தார். மூக்கையும் வாயையும் மறைக்கிற பளபளப்பான முகமூடி, கையில் மருதாணி. பம்பாயில் சின்ன வயதில் இருந்தவராம், எங்களோடு இந்தியில் பேசினார்.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு செம்மறி ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சினுக்கு நேர் முன்னால், தண்டவாளத்தின் மேலேயே படுக்கவைத்து, "பிஸ்மில்லா" சொல்லி அறுத்தார்கள். ரத்தம் மணலில் ஓடிச் சக்கரத்தைத் தொட்டது. கஃபீலின் அம்மா எழுந்து வந்தார். குனிந்து, உள்ளங்கையை ரத்தத்தில் நனைத்து, புது வண்ணத்தின் மேல் பளீரென்று ஒரு கை அச்சு வைத்தார். அவர்கள் வீட்டில் புதுக் கார், புதுப் படகு எது வந்தாலும் இப்படித்தானாம், கண் படாமல் இருப்பதற்காம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஃபோர்மேன் மாமா என் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. எஞ்சினில் நின்ற அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தான் டீசல் போட்டுத் தேய்த்த அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கஃபீல் கையசைத்து "யல்லா" என்றார். அப்பா விசில் கயிற்றை இழுத்தார். புஸ்ஸென்று நீராவி மட்டும் வந்தது. மறுபடி இழுத்தார். சத்தமே இல்லை.

"மாஃபி விசில்?" விசில் இல்லையா என்று கேட்டார் கஃபீல்.

அப்பா மேலே ஏறிக் கழற்றிப் பார்த்தார். உள்ளே அடைப்பு ஏதும் இல்லை, கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. திரும்ப மாட்டினார், திரும்பவும் நீராவிதான். கடைசியில் பிள்ளைகளே கூவென்று கத்த, வண்டி நகர்ந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லாமல் தோட்டத்தைச் சுற்றி வந்தது.

சாப்பாட்டின்போது கஃபீலின் அம்மா என்னைக் கூப்பிட்டு மடியருகே உட்காரவைத்தார். தன் தட்டிலிருந்து சோறும் கறியும் எடுத்து என் கையில் வைத்தார். "அம்மா கிதர்?" என்று கேட்டார். உன் அம்மா எங்கே, இந்த நல்ல நாளில் அவள் ஏன் வரவில்லை, என் மகன் உங்கள் குடும்பத்தையே அல்லவா வரச் சொன்னான் என்றார். அப்பாதான் தலையைக் குனிந்துகொண்டு இந்தியில் சொன்னார், ஊரில் ஒரு கல்யாணம், லீவில் போயிருக்கிறாள் என்று. சரி, வந்ததும் என்னிடம் கூட்டிக்கொண்டு வா என்றார் அந்த அம்மா.

சாப்பிட்டு முடித்ததும் அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனேன். எஞ்சினுக்கு அந்தப் பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், மணலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என் அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் கேட்பீர்கள், அதற்குப் பிறகாவது கஃபீலிடம் சொல்லி அம்மாவைத் திருப்பி அழைத்திருக்கலாமே என்று. அப்பா கேட்கவே இல்லை. கேட்டால் எதற்குப் போனாள் என்று சொல்ல வேண்டும், கல்யாணம் என்று சொன்ன பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று கேட்கிறேன், நாளை கேட்கிறேன் என்று அவருடைய காலம் முழுவதும் ஓடிவிட்டது. அவர் அங்கே ஒரு ரூமிலும் அம்மா ஊரிலுமாகவே இருவருக்கும் வயதானது.

பரீட்சை முடிந்து நான் ஊருக்குப் போன அன்று அம்மா வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி தெருவில் ஓடிக்கொண்டிருந்தான், நன்றாகக் கறுத்து, நன்றாகச் சதை போட்டிருந்தான். என்னைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டுவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"வண்டி ஓடிச்சா?"

"ஓடிச்சும்மா."

"ஊதுச்சா?"

"இல்லம்மா. அப்பா எத்தினியோ வாட்டி இழுத்துப் பாத்தாரு. ஊதவே இல்ல."

"அப்ப பூட்டான்" என்றாள். பெரிதாக மூச்சு விட்டாள். மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள்.

பிறகு நான் ஆட்டைப் பற்றிச் சொன்னேன். தண்டவாளத்தில் வைத்து அறுத்ததை, ரத்தம் சக்கரத்தில் பட்டதை, அந்த அம்மா கையை நனைத்து அச்சு வைத்ததை, அம்மா எங்கே என்று கேட்டதை. முறம் நின்றுவிட்டது. ஃபோர்மேனைத் திட்டுவாள், அப்பாவைத் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் யாரையும் திட்டவில்லை.

"அந்தம்மாவும் அறுக்கிறவங்கதானா?" என்றாள். "தெரிஞ்சிருந்தா நாங்க ரெண்டு பேரும் சேந்தே அறுத்திருப்போமேடி."